கவ்வும், கடிக்காது!

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வாத்து வேட்டைக்குச் செல்பவர்களுடன் பெரும்பாலும் ஒரு லாப்ரடார் நாயும் செல்லும். நாணல் புதருக்குள் மனிதர் காத்திருப்பார். அவர் காலடியில் நாய் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வாத்துக் கூட்டம் வருகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, பறவை ஒன்று தொலைவில் தண்ணீரில் விழுகிறது. நாயின் உடல் நாணேற்றிய வில்லைப் போல விறைத்து நிற்கிறது. ஆயினும் அது எழுவதில்லை. எஜமானர் ஆணையிட்ட பிறகே பாய்கிறது. சில்லிட்ட நீரில் நீந்திச் சென்று, பறவையைக் கவ்வி, கரையேறி, நேராக வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு மீண்டும் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சற்று எண்ணிப் பாருங்கள். நாய் ஊன் உண்ணும் விலங்கு, ஓநாயின் வழிவந்தது. கொழுத்த வாத்து அதன் பற்களுக்கு இடையில் இருக்கிறது. எஜமானரோ நெடுந்தொலைவில் இருக்கிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது நம் பழமொழி. இங்கே வாய்க்கே எட்டிவிட்டது, வயிற்றுக்குத்தான் போகவில்லை!

“எல்லாம் பயிற்சிதான்” என்று விடை சொல்லத் தோன்றும். அது பாதி விடை. மறுபாதி, அந்த நாய் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

ஓநாயின் ஏழு படிகள்

ஓநாய் வேட்டையாடுவதைக் கூர்ந்து கவனித்தால், அது ஒரே செயல் அன்று, பல செயல்களின் தொடர் என்பது விளங்கும். முதலில் இரை இருக்கும் திசையை அறிந்து திரும்புகிறது. பின்பு இமைக்காமல் உற்றுப் பார்க்கிறது. பதுங்கி நெருங்குகிறது. துரத்துகிறது. கவ்விப் பிடிக்கிறது. கடித்துக் கொல்கிறது. கடைசியாகக் கிழித்து உண்கிறது. ஒரு படி முடிந்தால் அடுத்த படி தானாகவே தொடங்கும். இது பெருமளவு பிறவியிலேயே வரும் இயல்பூக்கம்.

மனிதன் நாயை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே 1914இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லறையில், ஏறக்குறைய அத்தனை பழைமையான நாயின் எலும்புகள் மனித எலும்புகளோடு கிடைத்தன. இந்த நெடுங்காலத்தில் மனிதன் தனக்கு வேண்டிய குணம் கொண்ட நாய்களையே மேலும் மேலும் இணைசேர்த்து வந்தான். அதன் விளைவாக அந்த ஏழு படிகளில் சில நீண்டன, சில குட்டையாயின, சில ஏறக்குறைய மறைந்தே போயின. அமெரிக்க உயிரியலாளரான ரேமண்ட் காப்பிஞ்சர் நாய் இனங்களை விளக்கியது இவ்வகையில்தான்.

பாயின்டர் என்னும் நாய் பறவையின் மணம் கிடைத்ததும் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலைபோல் நின்றுவிடுகிறது. இது பதுங்கும் படியிலேயே உறைந்துபோன ஓநாய்! ஆட்டு மந்தையை மடக்கும் பார்டர் காலி உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும். நல்ல நாயாயின் கவ்வாது. கிரேஹவுண்டு பார்வையால் இரையைக் கண்டு மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் துரத்தும். லாப்ரடார் முதலிய ‘ரிட்ரீவர்’ இனங்களில், அதாவது விழுந்ததை எடுத்துவரும் இனங்களில், கவ்வும் படி மிக வலுவானது. அதை அடுத்து வரவேண்டிய கொல்லும் கடி மங்கிப்போய்விட்டது. திறந்த கையில் ஐந்து விரல்களும் இருக்கின்றன. சுட்டிக் காட்டும்போது ஒன்றுதான் நீள்கிறது. அதுபோலத்தான் இதுவும். மற்றவை அழிந்துவிடவில்லை, மடங்கியிருக்கின்றன. தவறாகப் பழக்கினால் மீண்டும் நீளும்.

ஒரு கருவி மாறியதால் ஒரு நாயினமே தேவைப்பட்ட கதையும் இதில் உண்டு. பழைய துப்பாக்கிகளில் குழாயின் வாய்வழியே மருந்தை இட்டுக் கெட்டிக்க வேண்டும். மெதுவான வேலை. அதற்குப் பறவையை இருந்த இடத்திலேயே காட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கும் பாயின்டர் போதுமானதாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பின்பக்கம் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவின. சில நிமிடங்களில் பல பறவைகள், எட்டாத இடங்களிலும் விழத் தொடங்கின. இனி, விழுந்ததைத் தேடி எடுத்துவரும் நாய் வேண்டும்! கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்கு உதவிவந்த நீர்நாட்டமுள்ள நாய்கள் அதற்கு முன்பே கப்பல்களில் இங்கிலாந்து வந்திருந்தன. அவற்றின் வழியில் உருவானதே லாப்ரடார். (நீரில் நீந்தும் நாய் என்றேனே தவிர, ஆற்றில் மீன் பிடிக்கும் நீர்நாய் வேறு விலங்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கோல்டன் ரிட்ரீவர் இனத்தின் தொடக்கம் ஸ்காட்லாந்தில் 1868இல் பிறந்த ஒரு குட்டி ஈற்று எனப் பதிவேடு கூறுகிறது.

ராக்கூனும் இரண்டு நாணயங்களும்

பிறவிக் குணத்தைப் பயிற்சியால் வெல்ல முடியாதா? இதற்கு அமெரிக்காவில் கெல்லர் பிரேலண்டும் அவர் மனைவி மரியன் பிரேலண்டும் சுவையான விடை ஒன்றைக் கண்டனர். இருவரும் புகழ்பெற்ற உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்கள்; விளம்பரங்களுக்கும் காட்சிகளுக்கும் ஏராளமான விலங்குகளைப் பழக்கியவர்கள். சரியானதைச் செய்தால் உடனே தீனி. இதுவே அவர்கள் முறை.

ராக்கூன் என்னும் சிறு விலங்குக்கு, நாணயத்தை எடுத்து உண்டியலில் போடக் கற்பித்தார்கள். ஒரு நாணயம் என்றபோது ஓரளவு செய்தது. இரண்டு நாணயங்களைக் கொடுத்தபோது வந்தது வினை! போடவே மனமில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தது. உண்டியலுக்குள் விட்டது, வெளியே இழுத்தது, மீண்டும் தேய்த்தது. இப்படிச் செய்தால் தீனி கிடைக்காது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. நாளாக ஆக அதிகமாகவே செய்தது. ராக்கூன் தன் இரையை முன்னங்கால்களால் உருட்டித் தேய்த்து உண்ணும் விலங்கு. தீனியோடு தொடர்புபட்ட நாணயமும் அதற்கு இரையாகிவிட்டது. கற்ற வித்தை பிறவிக் குணத்தின் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. 1961இல் பிரேலண்டுகள் இதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள்.

இப்போது லாப்ரடாரை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு பொருளை வாயில் எடுத்து மனிதனிடம் கொடுக்க வேண்டும். ராக்கூனுக்குப் பயிற்சி ஆற்றை எதிர்த்து நீந்துவது. லாப்ரடாருக்கு ஆற்றோடு போவது. வேட்டை நாயைப் பழக்குவோர் “முதலில் நல்ல குட்டியைத் தேர்ந்தெடு” என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எந்தக் குட்டி?

குட்டிகளை வரிசையாக விட்டு, எது முதலில் ஓடிவருகிறது, எது பந்தைக் கவ்வுகிறது என்று பார்த்து எடுப்பது வழக்கம். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை மிகவும் நம்பக்கூடாது. சுவீடனில் 600க்கு மேற்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளை 8 வாரத்தில் சோதித்து, வளர்ந்த பின் மீண்டும் சோதித்துப் பார்த்தனர். குட்டியில் கண்ட குணத்தைக் கொண்டு, வளர்ந்த நாய் பணிக்குத் தகுமா என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை என்பதே 1998இல் வெளியான முடிவு. குட்டியை விடத் தாய் தந்தையரைப் பார்ப்பது மேல். அவை களத்தில் எப்படி வேலை செய்கின்றன? வேட்டை நாய்களுக்கான களப்போட்டி 1865இல் இங்கிலாந்தில் தொடங்கியதன் நோக்கமும் இதுவே. இத்தகைய போட்டிகளில் நடுவர், நாய் கொண்டுவந்த பறவையைக் கையில் வாங்கி அதன் விலா எலும்புகளைத் தடவிப் பார்ப்பார். எலும்பு நொறுங்கியிருந்து, அதற்கு நாயின் பல்லே காரணம் என்றால், அது ‘வன்வாய்’ நாய். எத்தனை விரைவாகக் கொண்டுவந்தாலும் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. சில லாப்ரடார்கள் பார்வைக்குக் கட்டுமஸ்தாக இருக்கும். 5 முதல் 15 நிமிடம் கடுமையாக ஓடியதும் பின்னங்கால்கள் தள்ளாடும், பின்பு சாய்ந்துவிடும். சற்று நேர ஓய்வில் பெரும்பாலானவை எழுந்துவிடும். சில இறப்பதும் உண்டு. நடுநீரில் இது நேர்ந்தால் மூழ்கிவிடும் அல்லவா? நரம்புகள் சந்திக்கும் இடத்தில் செய்தி தடையின்றிச் செல்ல உதவும் ‘டைனமின்’ என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிழையே இதற்குக் காரணம் என்று 2008இல் கண்டறிந்தனர்.

மெண்டலின் பட்டாணிச் செடிகளை வகுப்பில் படித்திருப்பீர்கள். இது ஒடுங்கு பண்பு. பிழையான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் நாய்க்கு நோய் வராது. போட்டியில் பரிசு கூட வாங்கும். அத்தகைய இரண்டு நாய்கள் இணைந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிழைகளும் வந்து சேரும். ஆகவே பெற்றோர் நலமாக இருப்பதைக் கண்ணால் பார்ப்பது போதாது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்துச் சோதித்தால் மரபணு உண்மையைச் சொல்லிவிடும். இடுப்பு மூட்டு சரியாக அமைந்திருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பரிசுக் கோப்பைகளைக் காட்டும் வளர்ப்பாளரிடம் இந்தச் சோதனைத் தாள்களையும் கேட்பது நல்லது.

குட்டியைக் கொண்டுவரும் வயதும் முக்கியமானது. அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12ஆம் வாரம் வரை குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கிறது. அப்போது பழகும் மனிதர், ஒலி, இடம் எல்லாம் அதற்கு உறவாகின்றன. அங்கேயே நடந்த ஒரு சோதனையில், வேலியிட்ட வயலில் மனிதத் தொடர்பே இன்றி 14 வாரம் வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டு காட்டு விலங்குகளைப் போல மிரண்டன. எனவே 7 அல்லது 8 வாரத்தில் குட்டியைக் கொண்டுவந்து நான்கு பேரோடு பழக விடுகிறார்கள்.

நிற்கக் கற்பித்தல்

ஓடுவதையும் தேடுவதையும் கவ்வுவதையும் குட்டிக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. மோப்பம் பிடிக்கவும் வேண்டியதில்லை. நம் மூக்கில் மோப்ப உயிரணுக்கள் சில மில்லியன் என்றால் அதன் மூக்கில் 200 மில்லியனுக்கும் மேல். அப்படியானால் மாதக்கணக்கில் எதைத்தான் கற்பிக்கிறார்கள்? நிற்பதை, காத்திருப்பதை, திரும்பி வருவதை!

முதல் பாடம் வீட்டின் நடையில் நடக்கும். ஒரு முனையில் குட்டியின் படுக்கை. பயிற்சியாளர் படுக்கைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, பழைய காலுறையைச் சுருட்டி எறிகிறார். குட்டி ஓடிக் கவ்வுகிறது. கவ்வியதை எங்கே கொண்டுபோகும்? தன் படுக்கைக்குத்தான். வழியில் இவர் இருக்கிறார்! கதவுகள் சாத்தியிருப்பதால் வேறு போக்கிடம் இல்லை. வந்ததும் பிடுங்குவதில்லை. தடவிக் கொடுத்து, சிறிது நேரம் அதன் வாயிலேயே இருக்க விட்டு, பிறகு மெல்ல வாங்குகிறார். பிடுங்கினால் குட்டி இறுக்கும். இறுக்கிப் பழகியது நாளை பறவையின் விலாவை நொறுக்கும். கயிறிழுக்கும் விளையாட்டை இவர்கள் விரும்பாததும் இதற்காகவே.

குட்டி பொருளோடு தோட்டத்தில் ஓட்டம் பிடித்தால், துரத்தவே கூடாது. துரத்துவது அதற்கு உலகிலேயே இனிய விளையாட்டு. எதிர்ப்பக்கம் திரும்பி நாம் ஓட வேண்டும். அது நம்மைத் துரத்திக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்று, எல்லோருக்கும் எளிதில் பிடிபடாதது. நாய் நெடுநேரம் கழித்து வருகிறது. எஜமானருக்குக் கோபம். வந்ததும் ஓர் அடி வைக்கிறார். நாய் என்ன கற்றுக்கொண்டது? ‘தாமதித்தது தவறு’ என்று அன்று. ‘இவரிடம் வந்தால் அடி விழும்’ என்று. பரிசானாலும் தண்டனையானாலும் அது விழும் நொடிக்குச் சற்று முன் நடந்த செயலோடுதான் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் இன்னும் தாமதமாகவே வரும்.

அடுத்தது பொறுமை. கித்தான் துணியால் செய்த சுமார் அரைக் கிலோ உருளை ஒன்றை எறிகிறார்கள். இதை டம்மி என்பார்கள். நாய் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பத்து முறை எறிந்தால் பெரும்பாலான முறை பயிற்சியாளரே நடந்துபோய் எடுத்துவருகிறார். சில முறைதான் நாயை அனுப்புகிறார். விழுவதெல்லாம் தனக்கல்ல, ஆணை வந்தால்தான் தனக்கு என்பது இப்படிப் பதிகிறது. ஒவ்வொரு முறையும் அனுப்பினால், டம்மி கையை விட்டுக் கிளம்பும்போதே நாயும் கிளம்பிவிடும். துப்பாக்கிக்கு முன்னால் பாயும் நாய்க்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெடிச் சத்தத்துக்குப் பழக்கும்போது பாவ்லோவின் மணி நினைவுக்கு வரும். மணியோசைக்குப் பின் உணவு கொடுத்துக் கொடுத்து, ஓசைக்கே உமிழ்நீர் ஊறச் செய்தார் அந்த ரஷ்ய அறிஞர். இங்கும் அவ்வாறே. நாய் மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில், மிகத் தொலைவில் ஒரு வெடி. அஞ்சவில்லை என்றால் அடுத்த சில நாள்களில் சற்று நெருங்குவார்கள். முதல் நாளே காதருகே வெடித்தால் பாவ்லோவின் விதி மறுபக்கம் வேலை செய்யும். அந்த அச்சத்தைப் பின்னர் நீக்குவது மிகக் கடினம். தீபாவளி இரவில் கட்டிலுக்கு அடியில் நடுங்கும் நாய்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

களத்தில் ஆணைகள் விசிலில் போகின்றன. நீண்ட ஒரே ஊதல் என்றால் ‘நின்று உட்கார்’. குறுகிய பல ஊதல்கள் என்றால் ‘வா’. மனிதக் குரல் காற்றில் கரையும். தவிர, கோபம் வந்தால் குரலும் மாறும். விசிலுக்குக் கோபம் வராது! நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் மிக உயர்ந்த சுருதி கொண்ட விசில் ஒன்றை அமைத்து, அதைக் கைத்தடியின் முனையில் பொருத்திக்கொண்டு மிருகக்காட்சிச் சாலையில் ஒவ்வொரு கூண்டாக ஊதிப் பார்த்தார். எந்த விலங்கு காதை நிமிர்த்துகிறது என்று பார்க்கத்தான்.

கழுத்துப் பட்டையில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்குவோரும் உண்டு. வேல்ஸ் நாடு 2010இல் அதைத் தடை செய்தது. லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களை விட மின்பட்டை நாய்கள் சிறப்பாக எதையும் செய்துவிடவில்லை.

பரிசு என்றால் லாப்ரடாருக்குத் தீனிதான். இதிலும் ஒரு மரபணுக் கதை மறைந்திருந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட செய்தி இது: பிரிட்டனின் லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. ‘போதும்’ என்ற உணர்வு அவற்றுக்குச் சரியாக எழுவதில்லை. ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கிய லாப்ரடார்களிலோ நான்கில் மூன்றுக்கு இந்தக் குறை! தீனிக்காக எதையும் செய்யும் நாயே எளிதில் கற்கும். எளிதில் கற்கும் நாய்களைத் தேர்ந்தெடுத்தபோது, தெரியாமலேயே இந்தப் பசியையும் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். வாத்தைத் தின்னாமல் கொண்டுவந்து கொடுக்கும் அந்த நாய்தான் நாயினங்களிலேயே பெரும்பசிக்காரன்! நம் நகரங்களில் மாடி வீடுகளில் உருண்டு கிடக்கும் லாப்ரடார்களையும் இனி வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். வேலை இல்லை, பசி இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுக்கிறோம்.

வெள்ளை நாயின் காது

தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களும் வேட்டைக்கு உருவானவையே. மெலிந்த வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள் கொண்ட சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு துரத்தியவை. துரத்தும் படி நீண்ட ஓநாய்கள் இவை. லாப்ரடாரைப் போல இவை பந்தைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்று ‘புத்தி மட்டு’ எனச் சொல்வது சரியன்று. அதற்காக அவற்றை யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம். நாயை விட்டுத் துரத்திப் பிடிப்பதும் வேட்டையே.

வேட்டை போனபின் தேர்வு எதைக் கொண்டு நடக்கிறது? ராஜபாளையத்தில் பெரும்பாலும் நிறத்தைக் கொண்டு. மாசற்ற வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டிக்கே மதிப்பு அதிகம். இங்கேதான் சிக்கல். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்கின்றன. அங்குள்ள திரவத்தில் பொட்டாசியம் அளவு குறையாமல் காப்பது அவற்றின் வேலை. வெண்மையைத் தரும் சில மரபணுக்கள் இந்த உயிரணுக்களை உட்செவி வரை போய்ச்சேர விடுவதில்லை. பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் மடிந்துபோகின்றன. டால்மேஷியன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போர் அறிவர்.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. 6 வாரம் ஆன குட்டி தனியே தூங்கும்போது பின்புறமிருந்து கைதட்ட வேண்டும். மற்றக் குட்டிகளை அப்புறப்படுத்திவிட வேண்டும். ஒன்று எழுந்தால் அதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். தட்டும் காற்று அதன் உடலில் படக்கூடாது. காலடியால் தரையும் அதிரக்கூடாது. அதிர்வை உணர்ந்து விழித்து நம்மை ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இவ்வாறு கண்டுபிடிக்க முடியாது. காதில் ஒலியைச் செலுத்தி, தலையில் மின்முனைகள் பொருத்தி, மூளைத்தண்டில் எழும் மின் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். அக்குட்டியும் தன் சந்ததிக்கு அதே குறையைக் கொடுக்கக்கூடும் என்பதால் அதை இனவிருத்திக்கு விடுவதில்லை.

முற்றிலும் செவிடான குட்டியையும் பழக்க முடியும். வேட்டை நாய்க்கு விசிலோடு கைச் சைகையும் கற்பிப்பதுண்டு. உயர்த்திய உள்ளங்கை ‘நில்’. பக்கவாட்டில் நீட்டிய கை ‘அந்தப் பக்கம் போ’. அச்சைகைகளை மட்டும் கொண்டு, நீளமான கயிற்றில் கட்டி, நம் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தீனி கொடுத்துத் தொடங்க வேண்டும்.